பெயர் கூப்பிடும் ஏப்ரல்

ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே 150 கிலோமீட்டர்தான். ஆனாலும் மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில் அந்தச் சாலையில் போகிறவர்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சாலையோரப் புல்வெளி முழுக்க நீலமாகப் பூத்துக் கிடக்கிறது. ப்ளூபானெட் பூ. 1901இலிருந்து டெக்சஸின் மாநில மலர் இதுதான். மாநில நெடுஞ்சாலைத் துறையே காட்டுப்பூ விதைகளைத் தூவி வளர்க்கிறது. விதை முற்றி உதிரும்வரை புல்வெட்டும் வண்டியை இறக்குவதில்லை. சில மைலுக்கு ஒரு குடும்பம் காரை ஓரங்கட்டிவிட்டுக் குழந்தையைப் பூக்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் படம் இல்லாத டெக்சஸ் வீடு அபூர்வம். அந்தப் புல்லுக்குள் நெருப்பு எறும்புப் புற்றும் இருக்கும். படங்களில் அழும் குழந்தைகளில் பாதிப் பேர் அதனால்தான் அழுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நான் போனது காலேஜ் ஸ்டேஷனுக்கு. அக்கா மகள் அங்கே டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் மேல்படிப்பு படிக்கிறாள். காரில் என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே நீலப் பூவைப் பார்த்து வாயைப் பிளந்த என்னிடம், “இதுல மரூன் கலர்லயும் இருக்கு மாமா. அதுக்கு ஒரு கதை இருக்கு” என்றாள்.

கதை இதுதான். ஏ அண்ட் எம்மின் நிறம் மரூன். அதன் பரம எதிரியான ஆஸ்டின் நகரத்து டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நிறம் ஆரஞ்சு. ஏ அண்ட் எம்மின் வேளாண் விரிவாக்கப் பிரிவில் இருந்த ஜெர்ரி பார்சன்ஸ் என்ற தோட்டக்கலை நிபுணர், காட்டில் எப்போதாவது தென்படும் மாறுநிறச் செடிகளைப் பொறுக்கி, விதை பிரித்து, ஆண்டுக்கணக்காகப் பயிரிட்டு, மரூன் ப்ளூபானெட் ஒன்றை நிலைநிறுத்தினார். ‘அலமோ ஃபயர்’ என்று அதற்குப் பெயர். பிற்பாடு ஒரு வசந்தத்தில் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கோபுரத்துக்கு எதிரிலேயே, நீலப் பூக்களுக்கு நடுவே, மரூன் பூக்கள் தலைகாட்டின. விதையை யார் தூவியது என்று எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பகையைப் பூவில் விதைத்து, முளைக்கும்வரை பொறுத்திருந்திருக்கிறார்களே என்று எனக்கு மரியாதைதான் வந்தது. இங்குள்ளவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதலெழுத்துகளைக் கூட முன்பின்னாக மாற்றி, சின்ன எழுத்தில்தான் எழுதுவார்கள்.

கல்லூரி திறந்தது 1876இல். 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டப்படி மத்திய அரசு தந்த நிலத்தின் பலத்தில் எழுந்த கல்லூரிகளில் ஒன்று. வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் படிப்பு. கூடவே ராணுவப் பயிற்சி. அந்நாளில் ரயில் நின்ற பொட்டல் அது. கல்லூரிக்காக வண்டி நின்றதால் ஊரே ‘காலேஜ் ஸ்டேஷன்’ ஆகிவிட்டது. இப்போதும் ரயில் பாதை வளாகத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள் சரக்கு ரயிலின் நீளத்தைச் சபித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆண்கள் மட்டும், வெள்ளையர் மட்டும், அத்தனை பேரும் கட்டாயச் சீருடை என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு அருகில் ஓடிய இடம், இன்று 70,000 மாணவர்களைத் தாண்டிவிட்டது. சீருடை அணியும் ‘கோர்’ படையில் இருப்பவர்கள் அவர்களில் சில ஆயிரம் பேர்தான். ஆனால் ஊரின் வழக்கங்கள் எல்லாம் அந்தச் சில ஆயிரத்தின் முன்னோர்கள் விட்டுப்போனவை.

“இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு விதி இருக்கு மாமா. மொத வாரமே மனப்பாடம் பண்ணிட்டோம்” என்று அவள் ஒப்பித்தாள். எதிரில் வருகிறவர் யாரானாலும் ‘ஹவுடி’ சொல்ல வேண்டும். ‘வூப்’ என்று கத்துகிற உரிமை மூன்றாம், நான்காம் ஆண்டுக்காரர்களுக்கு மட்டும். நூற்றாண்டு மரம் என்ற பெரிய ஓக் மரத்தின் கிளைகளுக்குக் கீழே தனியாக நடந்தால் கல்யாணம் ஆகாது. ஜோடியாக நடந்தால் அந்த ஜோடியையே கட்டிக்கொள்ள வேண்டிவரும். ரெவெலி என்ற கோலி நாய்தான் கோர் படையில் மிக உயர்ந்த பதவியில் இருப்பது. அது வகுப்பில் குரைத்தால் பாடம் சலித்துவிட்டது என்று பொருள். பேராசிரியர் வகுப்பை முடித்தாக வேண்டும். நூற்றாண்டு மரத்துக்கு அந்தப் பக்கமாகச் சுற்றியே அவள் என்னைக் கூட்டிப்போனாள். “நம்பிக்கை எல்லாம் இல்ல. எதுக்கு வம்புன்னுதான்” என்றாள்.

அவள் சொன்ன விதிகளில் ஒன்று மட்டும் விளையாட்டாகத் தெரியவில்லை. மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர் என்ற பெரிய மாணவர் மையத்துக்குள் நுழைந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும். அதைச் சுற்றியுள்ள புல்லை மிதிக்கக் கூடாது. போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவாக எழுப்பிய கட்டடம். உள்ளே சோபாக்களில் பிள்ளைகள் மடிக்கணினியை நெஞ்சில் கவிழ்த்துத் தூங்குகிறார்கள், பியானோ வாசிக்கிறார்கள், பீட்ஸா தின்கிறார்கள். வெளியே, சாலைக்குக் குறுக்கு வழியாக இருக்கிற புல்தரையை ஒருவர்கூடக் கடக்கவில்லை. பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனும் சுற்றித்தான் ஓடுகிறான். காவலரும் இல்லை, அபராதமும் இல்லை. அந்தக் கட்டடத்தை அர்ப்பணித்த தேதி 1951 ஏப்ரல் 21. அந்தத் தேதிக்காகத்தான் நான் பயணத்தையே ஏப்ரலில் வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் ஊரின் வசந்தத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே லைவ் ஓக் மரங்கள் வசந்தத்தில்தான் பழைய இலையைக் கொட்டுகின்றன. புது இலை பின்னாலேயே தள்ளிக்கொண்டு வருவதால் மரம் மொட்டையாவதில்லை. நடைபாதை மட்டும் சருகாகக் கிடக்கிறது. அதோடு மகரந்தம். மஞ்சள் தூள் கார் கண்ணாடியில் படிந்து, அதில் பிள்ளைகள் விரலால் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஊரில் பாதிப் பேருக்குத் தும்மல். சாயங்காலமானால் நார்த்கேட் கடைத்தெரு மரங்களில் கிராக்கிள் என்ற கறுப்புப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கிக் கதவுக் கீல் கிறீச்சிடுவதுபோலக் கத்துகின்றன. இடியும் மழையும் சொல்லாமல் வந்து போகின்றன. சூறாவளி எச்சரிக்கை வந்தால் எல்லார் கைபேசியும் ஒரே நேரத்தில் அலறுகிறது.

மார்ச் மாதக் கடைசியில் ‘பிக் ஈவன்ட்’ என்று ஒன்று. 1982இல் சில மாணவர்கள் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை, ஆயிரக்கணக்கான மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போய் இலை வாருகிறார்கள், வேலிக்குச் சாயம் அடிக்கிறார்கள், ஜன்னல் துடைக்கிறார்கள். வீட்டுக்காரர் ஏழையா வசதியானவரா என்று கேட்பதில்லை. மாணவர்களைச் சகித்துக்கொண்டதற்கு ஊருக்கு நன்றி, அவ்வளவுதான். அக்கா மகளும் போயிருக்கிறாள். ஊரில் தன் வீட்டு வாசலைப் பெருக்கச் சொன்னால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவள், இங்கே ஒரு பாட்டியம்மாள் வீட்டுக் கூரை ஓரத்துத் தகரத்தில் அடைத்திருந்த ஓக் சருகை ஏணி போட்டு ஏறி அள்ளிப் போட்டதைப் பெருமையோடு சொன்னாள். அக்காவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

பேஸ்பால் பருவமும் இதுதான். எனக்கு அந்த ஆட்டம் பிடிபடவே இல்லை. ஆனால் கூட்டம் பிடித்துவிட்டது. எதிரணிப் பந்துவீச்சாளர் நான்கு பந்துகளைத் தவறாக வீசினால் மட்டையாளர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்துபோகலாம். கணக்கு அங்கே முடிந்துவிட வேண்டும். இங்கே முடிவதில்லை. அடுத்த மட்டையாளருக்கு அவர் வீசும் பந்தையும் சேர்த்து, “பால் ஃபைவ்!” என்று அரங்கம் முழுக்க எண்ணுகிறது. ஒழுங்கான பந்து ஒன்று விழும்வரை அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சேப்பாக்கத்தில் எதிரணி நன்றாக ஆடினால் எழுந்து நின்று கைதட்டுகிற கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவன் நான்.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் மேல்படிப்புக்கு வருகிறவர்கள். இந்த வழக்கங்கள் எல்லாம் நான்கு வருடம் இளங்கலை படிப்பவர்களுக்காக உருவானவை. ஆகவே நம்மவர்களுக்கு அவை பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரிதான். ஆகஸ்டில் வந்து இறங்கி, பேருந்துத் தடத்துக்குப் பக்கத்தில் நால்வராக வீடு பிடித்து, முறை வைத்துச் சமைத்து, ஏப்ரல் வரும்போது அவர்கள் பேச்செல்லாம் வேறு: அடுத்த பருவத்துக்கு ஃபண்டிங் உண்டா, கோடை இன்டர்ன்ஷிப் கிடைத்ததா, ஆய்வு வழிகாட்டி மின்னஞ்சலுக்குப் பதில் போட்டாரா. தமிழ்ப் புத்தாண்டு நான் இருந்தபோதே வந்தது. வார நாள் என்பதால் இரவு எட்டு மணிக்குத்தான் கொண்டாட்டம். மாங்காய் மெக்சிகன் கடையில் கிடைத்தது. வேப்பம்பூ ஒரு பையனின் அம்மா ஊரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பியது. அதை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகக் கணக்குப் பார்த்துப் போட்டார்கள். வடை சுட்டதில் புகை அலாரம் அடித்தது. ஒருவன் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினான். மற்றவர்கள் வடை தின்றுகொண்டே அவனுக்கு யோசனை சொன்னார்கள். மனசு கேட்டால் பியர்லாந்தில் இருக்கிற மீனாட்சி கோயிலுக்கு ஒரு கார் கிளம்பும். அது ஹூஸ்டனையும் தாண்டி இருக்கிறது.

ரயில் பாதைக்கு மேற்கே வேளாண் கட்டடங்கள். பசுமைப் புரட்சியின் கோதுமைக்காரர் நார்மன் போர்லாக் 1984இலிருந்து இங்கேதான் பாடம் நடத்தினார், 2009இல் இறக்கும்வரை. எம்.எஸ். சுவாமிநாதனின் பெயரோடு சேர்த்து நாம் பள்ளியில் படித்த பெயர். ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷின் நூலகமும் அந்தப் பக்கம்தான். அவரும் மனைவியும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். பார்பரா புஷ்ஷை அடக்கம் செய்தது 2018 ஏப்ரல் 21. மறுபடியும் அதே தேதி.

வளாகத்தின் நடுவில் லாரன்ஸ் சல்லிவன் ராஸின் வெண்கலச் சிலை நிற்கிறது. எல்லோரும் சல்லி என்றுதான் சொல்கிறார்கள். பரீட்சைக்குப் போகிறவர்கள் அவர் காலடியில் ஒரு சென்ட் காசு வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் பார்த்த அன்று ஒரு பாதத்தின் மேல் காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. யாரோ ஒரு கால்குலேட்டர் பேட்டரியையும் வைத்திருந்தார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் தேர்வறைக்குப் போனவன் இதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் சிலையின் கதை காசோடு நிற்கவில்லை. ராஸ் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி. பிறகு டெக்சஸ் ஆளுநர். 1891இலிருந்து இறக்கும்வரை இந்தக் கல்லூரியின் தலைவர். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட கல்லூரியை அவர்தான் தூக்கி நிறுத்தினார் என்பது இங்கே வேதவாக்கு. 2020இல் சிலையை அகற்றச் சொல்லி மாணவர்கள் போராடினார்கள். அகற்றாதே என்று இன்னொரு கூட்டம் திரண்டது. சிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறு ஆண்டு, வளாகத்தின் இன்னோர் இடத்தில் மேத்யூ கெய்ன்ஸுக்குச் சிலை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து மாநில செனட்டரான கறுப்பினத்தவர். இந்தக் கல்லூரி உருவாகச் சட்டமன்றத்தில் பாடுபட்டவர். அவர் இனத்துப் பிள்ளைகளை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது 1963இல்தான். அந்த வருடத்திலேயே பெண்களுக்கும் கதவு கொஞ்சம் திறந்தது. திறந்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ரட்டர். நார்மண்டிப் படையிறக்க நாளில் புவான்ட் டு ஹாக் செங்குத்துப் பாறையில் ரேஞ்சர் படையை ஏற்றியவர். பழைய மாணவர்கள் அவரை மன்னிக்க வெகுகாலம் ஆயிற்று. மரபு மரபு என்று இங்கே பேசுகிறவர்களிடம் நான் கேட்க நினைத்தது இதுதான்: 1963இல் மரபை உடைத்தவரால்தானே இன்று அதைக் காப்பாற்ற 70,000 பேர் இருக்கிறீர்கள்?

ராஸ் இறந்த 1898இல் தொடங்கிய சடங்கு ஒன்று இன்றும் நடக்கிறது. ‘சில்வர் டாப்ஸ்’. முந்தைய மாதத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் யாராவது இறந்திருந்தால், மாதத்தின் முதல் செவ்வாய் இரவு பத்தரை மணிக்கு நடக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. அக்கா மகள் தன் முதல் வருடத்தில் எதேச்சையாக அதற்குள் போய் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். லேபிலிருந்து வெளியே வந்திருக்கிறாள். வளாக விளக்குகள் அணைந்து கிடந்தன. மின்வெட்டு என்று நினைத்துக் கைபேசி விளக்கைப் போட்டாள். இருட்டுக்குள் யாரோ மெதுவாக அதன்மேல் கைவைத்து மறைத்தார்கள். கண் பழகியபோதுதான் தெரிந்தது, சிலையைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் பேச்சின்றி நிற்கிறார்கள் என்று. மூன்று முறை துப்பாக்கிகள் வெடித்தன. பிறகு எங்கிருந்தோ கொம்பு வாத்தியங்கள். வடக்குப் பார்த்து, தெற்குப் பார்த்து, மேற்குப் பார்த்து மூன்று முறை வாசித்தார்கள். கிழக்குப் பக்கம் வாசிப்பதில்லை. போனவருக்கு இனிச் சூரியன் உதிப்பதில்லை என்பதால். “முடிஞ்சதும் ஒருத்தரும் பேசல மாமா. அப்படியே கலைஞ்சு போனாங்க. செத்துப்போனது யாருன்னு எனக்குத் தெரியாது. மறுநாள் கொடிக்கம்பத்துக்கிட்டப் போய்ப் பேரைப் பார்த்துட்டு வந்தேன்” என்றாள்.

இனி ஏப்ரல் 21.

1836இல் அந்த நாளில் சான் ஹசின்டோ என்ற இடத்தில் சாம் ஹூஸ்டனின் படை, மெக்சிகோவின் சான்டா அன்னாவைப் பதினெட்டே நிமிடச் சண்டையில் தோற்கடித்தது. டெக்சஸ் தனிநாடானது. கல்லூரி மாணவர்களுக்கு அது விடுமுறை நாளாக, விளையாட்டு நாளாக இருந்தது. பழைய மாணவர்கள் அங்கங்கே கூடிச் சாப்பிட்டுப் பழங்கதை பேசுவார்கள். அதற்குக் கனம் ஏற்றியது 1942. பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடா வாயிலில் உள்ள கொரெஹிடோர் தீவை ஜப்பானியப் பீரங்கிகள் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தன. தீவின் பீரங்கிப் படைக்குத் தலைவர் ஜார்ஜ் மூர், 1908ஆம் ஆண்டு மாணவர். ஏப்ரல் 21 அன்று அவரும் அங்கிருந்த இருபத்துச் சொச்சம் பழைய மாணவர்களும் பெயர் கூப்பிட்டு ஆஜர் சொன்னார்கள் என்ற செய்தி, தீவிலிருந்த ஒரு நிருபர் வழியாக அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு வந்தது. மே 6 அன்று தீவு விழுந்தது. ஆஜர் சொன்னவர்களில் பலர் சிறைமுகாம்களிலிருந்து திரும்பவில்லை.

அந்தக் குண்டுமழையில் எல்லாரும் நிஜமாகவே ஓரிடத்தில் கூடியிருக்க முடியுமா, அல்லது பெயர்களை மட்டும் ஒரு காகிதத்தில் திரட்டினார்களா என்று பின்னால் எழுதியவர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. அதனால் அந்தச் செய்தி ஒன்றும் சிறுத்துவிடவில்லை. சாவு எதிரில் நிற்கும்போது, பதுங்கு குழிக்குப் பதுங்கு குழி யார் யார் நம் கல்லூரி என்று கேட்டுப் பட்டியல் எழுதிய கையை நினைத்துப் பார்க்கிறேன். 1946 ஏப்ரலில், போர் முடிந்தபின், அதே தீவின் மலின்டா சுரங்கத்தின் முன்னால் நூற்றுக்கு மேற்பட்ட பழைய மாணவர்கள் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. அதில் அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குத்தான் ‘மஸ்டர்’ என்று பெயர். இப்போது உலகமெங்கும் 300க்கு மேற்பட்ட ஊர்களில் அன்றைக்குக் கூடுகிறார்கள். ஓரிடத்தில் இரண்டே பேர் இருந்தாலும் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய கூட்டம் காலேஜ் ஸ்டேஷனில், ரீட் அரீனா என்ற கூடைப்பந்து அரங்கில். பட்டம் பெற்று ஐம்பது ஆண்டு முடிந்த வகுப்பு அன்றைக்கு விருந்தாளி. பகலில் பார்பக்யூ விருந்தில் அவர்களைப் பார்த்தேன். வெள்ளை மீசைகள், ஊன்றுகோல்கள், பெருத்த வயிறுகள். மாட்டுப் பண்ணைக்காரர், எண்ணெய்க் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைவிட வருடம் பெரிதாக அச்சாகியிருந்தது.

இரவு ஏழு மணிக்குள் அரங்கம் நிரம்பிவிட்டது. எங்கள் வரிசையில் ஒரு முதியவரும் அவர் மனைவியும். அவர் விரலில் இருந்த மோதிரத்தில் கழுகும் எழுத்தும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. என்னைப் பார்த்து ‘ஹவுடி’ சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். மதுரைப் பக்கம் என்றதும் தலையாட்டினார், புரிந்திருக்காது. அவருடைய அறைத்தோழன் பெயர் இன்றைக்கு வரும் என்றார். வியட்நாம் போர் முடிகிற காலத்தில் இருவரும் ஒன்றாகச் சீருடை போட்டவர்களாம். “நான்தான் பதில் சொல்லப் போகிறேன். அவன் மனைவி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள்” என்றார்.

பேச்சுகள், பாட்டுகள். அவை கொஞ்சம் நீண்டன என்று ஒத்துக்கொள்கிறேன். பிறகு விளக்குகளைத் தணித்தார்கள். மேடையருகே வரிசையாக மெழுகுவர்த்திகள். ஒரு மாணவி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தாள்.

அந்த ஒரு வருடத்தில் இறந்த, அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்களும் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும். ஒரு பெயர், ஒரு மௌனம், அரங்கத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து “ஹியர்”, ஒரு மெழுகுவர்த்தி. ஒன்றாம் வகுப்பில் நாம் கையைத் தூக்கி “உள்ளேன் ஐயா” என்று சொன்னோமே, அதே காரியம்தான். உள்ளவர்கள் இல்லாதவருக்காகச் சொல்கிறார்கள். சில பெயர்களுக்கு ஒரு வரிசையே எழுந்து, பேரப்பிள்ளைகள் குரலும் சேர்ந்து, கல்யாண வீடுபோல இரைந்து பதில் வந்தது. சில பெயர்களுக்கு ஒரே ஒரு குரல். ஒரு பெயருக்குக் குரல் வரத் தாமதமானது. வாசித்த பெண் அவசரப்படாமல் காத்திருந்தாள். மேல்தட்டிலிருந்து தொண்டை கட்டிய ஒருவர் ஒருவழியாகச் சொன்னார். பக்கத்து முதியவர் தன் முறை வருவதற்கு இரண்டு பெயர் முன்னதாகவே எழுந்து நின்றுவிட்டார். படைவீரனின் குரலில், தேவைக்கு அதிகமாகவே உரக்க, “ஹியர்!” என்றார். உட்கார்ந்ததும் மனைவி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கத்தியதற்காகக் கண்டித்தாளா தேற்றினாளா, தெரியவில்லை.

நடுவில் ஒரு நீளமான பெயர் வந்தது. தெலுங்குப் பெயர்போல ஒலித்தது. வாசித்த பெண் அதை அசை அசையாக, ஒத்திகை பார்த்தவள்போல, பிழையில்லாமல் சொன்னாள். எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஏழெட்டு இளைஞர்கள் எழுந்தார்கள். சீனப் பையன் ஒருவன், கௌபாய் பூட்ஸ் போட்ட ஒருத்தி, நம்மூர் முகங்கள் சில. லேபில் கூட இருந்தவர்களாக இருக்க வேண்டும். ஒன்றாகச் சொல்ல நினைத்துச் சற்றே முன்பின்னாகச் சொன்னார்கள். அக்கா மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இறந்துபோன அந்தப் பையனை அவளுக்கும் தெரியாது.

எல்லாப் பெயரும் முடிந்தபின் வெள்ளைச் சீருடையில் ராஸ் வாலன்டியர்ஸ் என்ற காவலணி வந்து வேட்டுப் போட்டது. கொம்பு ஊதியது. பிறகு பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாகன நிறுத்தத்துக்குப் போனோம். அங்கிருந்து சாலைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. ஆனால் ஒரு வெள்ளை பிக்கப் வண்டிக்காரர் எங்களுக்கு வழிவிடாமல் மூக்கை நுழைத்ததற்கு அக்கா மகள் தமிழில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மோதிரத்தை விட்டுவிட்டேன். இங்குள்ளவர்கள் கல்லூரியில் சேர்வதே அந்தத் தங்க மோதிரத்துக்காகத்தானோ என்று தோன்றுகிற அளவுக்கு அது பெரிய விஷயம். முதல் மோதிரம் 1889இல். இளங்கலைக்காரர்கள் 90 கிரெடிட் முடித்தால்தான் கிடைக்கும். மேல்படிப்புக்காரர்களுக்குத் தனி விதி. எல்லோருக்கும் ஒரே வார்ப்பு, வருடம் மட்டும் மாறும். படித்து முடிக்கும்வரை வருட எண் மோதிரம் போட்டவரைப் பார்த்திருக்க வேண்டும்; முடித்தபின் உலகத்தைப் பார்க்கத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏப்ரலில் ‘ரிங் டே’. பழைய மாணவர் மாளிகையில் குடும்பம் குடும்பமாக வரிசை. அப்பா வாங்கிக் கொடுக்க, அம்மா போட்டுவிட, பாட்டி அழுகிறாள். சாயங்காலம் நார்த்கேட்டில் டிக்ஸி சிக்கன் என்ற பழைய மதுக்கடையில் வேறு காட்சி. ஒரு பெரிய கூஜா நிறைய பியர், அதற்குள் மோதிரம். ஒரே மூச்சில் குடித்து, மோதிரத்தைப் பல்லில் கடித்துக் காட்ட வேண்டும். கல்லூரி இதை ஆதரிப்பதில்லை. பெற்றோர்களோ கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குடிக்காதவர்கள் ஐஸ்கிரீமுக்குள் போட்டுத் தின்று தீர்க்கிறார்கள். நான் பார்த்த பெண் பாதி ஐஸ்கிரீமிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா ஸ்பூன் எடுத்து உதவிக்கு வந்ததைக் கூட்டம் ஆட்சேபித்தது.

நான் கிளம்பும் வாரத்தில் அக்கா மகளும் மோதிரம் வாங்கப் போவதாக அறிவித்தாள். மஸ்டருக்கு முன்வரை, அது அமெரிக்கப் பிள்ளைகளின் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். பணம் ஒரு மாத வாடகையைவிட அதிகம் என்பதால் வீட்டில் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டாள். கொரெஹிடோர், மஸ்டர், ஐம்பது வருடம் கழித்து வந்த தாத்தாக்கள் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“எத்தனை காரட்டு?”

“பத்து காரட்டும்மா. பதினாலும் இருக்கு, அது இன்னும் வெலை.”

“பத்து காரட்டுல தங்கம் எங்கடி இருக்கு? அதுக்கா இவ்வளவு காசு? லீவுக்கு வரும்போது டிசைனைப் படம் பிடிச்சிட்டு வா. நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி இருபத்திரண்டுலயே அடிச்சுத் தர்றேன்.”

“அம்மா, அதெல்லாம் செல்லாதும்மா.”

“தங்கம் எப்படிடி செல்லாமப் போகும்? உங்க மாமா பக்கத்துலதான இருக்கான்? அவங்கிட்டக் குடு.”

அவள் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.